ஸ்பானிஷ் வினைச்சொற்களைத் தமிழ்வழியே பழகுதல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஸ்பானிஷ் கற்கத் தொடங்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே அம்மொழிக்குள் நுழைகிறார்கள். கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் 2014ஆம் ஆண்டு முதல் ஸ்பானிஷ் மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே பயிலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் சரி, வேலை முடிந்து மாலை வகுப்புக்குச் செல்லும் பெரியவர்களுக்கும் சரி, புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்ள ஆங்கில விளக்கமே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வினைச்சொற்களைப் பற்றிய பாடம் வந்ததும், அந்த விளக்கங்கள் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: செய்பவர் யார் என்பதற்கேற்ப வினைச்சொல்லின் இறுதி மாறும். தமிழ் பேசுபவருக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. ‘வருகிறேன்’ என்றால் வருவது நான் என்பதும், ‘வருகிறார்கள்’ என்றால் வருவது பலர் என்பதும் யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரியும்.

ஆகவே ஸ்பானிஷ் வினைச்சொற்களைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தமிழின் துணையோடு தொடங்குவதே நேர்வழி என்பது என் உறுதியான கருத்து. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தாய்மொழிப் பாடத்தை ஒரு சுமையாகவும் மூன்றாம் மொழியை அதற்குமேல் மற்றொரு சுமையாகவும் எண்ணுகிறார்கள். உண்மையில் முதலாவது இரண்டாவதைத் தாங்கிப் பிடிக்கக்கூடியது. தமிழ் எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், தொடக்கநிலை மாணவர் பல வாரங்களை மிச்சப்படுத்தலாம்.

முதலில் காது

இந்தக் கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றை வாசிக்க ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதை நெடிலாகவும், மற்ற அசைகளைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ஆனால் அழுத்தம் பெறும் அசை சிறிதளவு நீண்டு ஒலிப்பதால், நம் நெடில் அந்த அழுத்தத்தைக் காட்டப் போதுமானதாக இருக்கிறது.

இந்த அழுத்தம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். ‘தோமொ’ என்று முதல் அசையை அழுத்தினால் ‘எடுத்துக்கொள்கிறேன்’ அல்லது ‘குடிக்கிறேன்’ என்று பொருள். ‘தொமோ’ என்று இறுதி அசையை அழுத்தினால் ‘அவர் எடுத்துக்கொண்டார்’ அல்லது ‘அவர் குடித்தார்’ என்று பொருள். எழுத்துகள் அவையே. அழுத்தம் இடம் மாறியதும் ஆளும் மாறிவிடுகிறார், காலமும் மாறிவிடுகிறது. ஸ்பானிஷ் எழுத்தில் இரண்டாவது சொல்லின் கடைசி எழுத்துக்கு மேல் ஒரு சிறு சாய்கோடு இடுவார்கள். அதை அலங்காரமாக எண்ணி விட்டுவிடக் கூடாது. உயிரெழுத்திலோ, ‘ன்’ அல்லது ‘ஸ்’ ஒலியிலோ முடியும் சொற்களில் அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில் விழும். வேறு மெய்யில் முடியும் சொற்களில் கடைசி அசையில் விழும். இந்த ஒழுங்கு மீறப்படும் இடங்களில் சாய்கோடு வந்து வழிகாட்டும். சாய்கோடு இருக்கும் பெரும்பாலான இடங்களை இந்த விதியே விளக்கிவிடும்.

தமிழ்ச் சொற்கள் எழுத்துவழக்கில் குறில் எகரத்திலோ ஒகரத்திலோ முடிவதில்லை என்பதால், ‘தோமொ’ போன்ற வடிவங்கள் முதலில் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கும். அது இரண்டொரு நாளில் பழகிவிடும். சொல்லின் நடுவில் வரும் தகரத்தை நாம் ‘அது’, ‘இதோ’ என்று சொல்லும்போது எப்படி மென்மையாக ஒலிக்கிறோமோ, ஸ்பானிஷ்காரர்களும் அதே இடத்தில் கிட்டத்தட்ட அப்படியே ஒலிக்கிறார்கள். இங்கே ‘வ’ என்று எழுதியிருப்பதை அவர்கள் இரு உதடுகளும் நெருங்கச் சொல்வார்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் சில எழுத்துகளின் வன்மை மென்மையைத் தமிழ் எழுத்தால் முழுமையாகக் காட்ட இயலாது என்பதால், ஒவ்வொரு புதிய சொல்லையும் ஒருமுறையாவது ஒலிப்பதிவில் கேட்டுவிடுவது நல்லது.

வினைச்சொல்லை வெட்டிப் பார்த்தல்

அகராதியில் ஸ்பானிஷ் வினைச்சொல் ‘செய்ய’, ‘சாப்பிட’ என்பதுபோல, ஆள் காட்டாத வடிவில் இருக்கும். அந்த வடிவம் மூன்று ஒலிகளில் ஒன்றில்தான் முடியும்: ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’. ‘தொமார்’ என்றால் எடுத்துக்கொள்ள அல்லது குடிக்க, ‘கொமேர்’ என்றால் சாப்பிட, ‘ஸுபீர்’ என்றால் ஏற. இந்த மூன்று சொற்களையும் மாதிரியாக வைத்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஒழுங்கான வினைச்சொற்களை அவற்றின் அச்சில் வார்த்துவிடலாம். கடைசி ஒலியை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது பகுதி; அதன்மேல் விகுதி ஒட்டும்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ‘பேசு + கிறு + ஏன்’ என்று பிரித்த நினைவு இருக்கும். தமிழில் காலத்தைக் காட்டுவது இடைநிலை, ஆளைக் காட்டுவது விகுதி. இரண்டும் தனித்தனி உறுப்புகள். ஸ்பானிஷின் நிகழ்காலத்திலும் எளிய இறந்தகாலத்திலும் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே விகுதிக்குள் கலந்துவிடுகின்றன. ‘தொமோ’ என்பதிலுள்ள ‘ஓ’ இறந்தகாலத்தையும் காட்டுகிறது, ‘அவர்’ என்பதையும் காட்டுகிறது. அதைப் பிரிக்க முடியாது. எனவே விகுதியைக் காலத்தோடு சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும்.

இனி ஆட்கள். ‘யோ’ என்றால் நான், ‘தூ’ என்றால் நீ, ‘ஏல்’ என்றால் அவன், ‘ஏய’ என்றால் அவள், ‘நொஸோத்ரொஸ்’ என்றால் நாம், ‘ஏயொஸ்’ என்றால் அவர்கள். நாம், நாங்கள் என்று தமிழ் காட்டும் வேறுபாடு அங்கே இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல். வினைச்சொல்லில் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் வேறுபாடும் இல்லை. ‘சாப்பிடுகிறான்’, ‘சாப்பிடுகிறாள்’, ‘சாப்பிடுகிறது’ ஆகிய மூன்றுக்கும் ‘கோமெ’ என்ற ஒரே வடிவம் போதும். தமிழைக் கற்க வந்த ஒரு ஸ்பானிஷ்காரர் படவேண்டிய பாட்டில் பாதிகூட நமக்கு இல்லை.

மரியாதைதான் சற்று வேறு வழியில் செல்கிறது. பெரியவர் ஒருவரை மதிப்போடு அழைக்க ‘உஸ்தேத்’ என்ற சொல் உண்டு. பலரை அழைக்க ‘உஸ்தேதெஸ்’. நம் ‘நீங்கள்’ தனக்கென ஒரு விகுதியை வைத்திருக்கிறது. ‘உஸ்தேத்’ என்பதற்கோ ‘அவர்’ என்பதற்குரிய விகுதியே வரும். ‘நீங்கள் சாப்பிடுகிறீர்களா?’ என்று ஆசிரியரிடம் கேட்கும்போதும் ‘கோமெ’ என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் நண்பர்கள் பலரை ஒருசேர அழைக்க ‘வொஸோத்ரொஸ்’ என்ற ஆறாவது வடிவமும் வழக்கில் உள்ளது. லத்தீன் அமெரிக்கா முழுவதும் அந்த இடத்தில் ‘உஸ்தேதெஸ்’ மட்டுமே. பாடநூல் ஸ்பெயின் வழக்கைப் பின்பற்றினால், ஆறாவது வடிவத்தைத் தேர்வுக்காக அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பழக்கத்தை ஐந்து வடிவங்களில் தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை.

மூன்று குடும்பங்களின் நிகழ்கால வடிவங்களை நான், நீ, அவர், நாம், அவர்கள் என்ற வரிசையில் கீழே தருகிறேன்.

தொமார்: தோமொ, தோமஸ், தோம, தொமாமொஸ், தோமன்.
கொமேர்: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கோமென்.
ஸுபீர்: ஸூபொ, ஸூபெஸ், ஸூபெ, ஸுபீமொஸ், ஸூபென்.

வாய்விட்டு வாசித்தால் ஒழுங்கு தானாகவே புலப்படும். ‘நான்’ என்பதற்கு எப்போதும் ‘ஒ’, ‘நீ’ என்பதற்கு எப்போதும் ‘ஸ்’, ‘நாம்’ என்பதற்கு எப்போதும் ‘மொஸ்’, ‘அவர்கள்’ என்பதற்கு எப்போதும் ‘ன்’. குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவது நடுவிலிருக்கும் உயிரொலி மட்டுமே. இரண்டாம் குடும்பமும் மூன்றாம் குடும்பமும் ‘நாம்’ என்ற ஓரிடத்தில் மட்டும் பிரிகின்றன. ‘நாம்’ வடிவத்தில் மட்டும் அழுத்தம் பகுதியை விட்டு விகுதிக்குச் சென்றுவிடுவதையும் கவனியுங்கள். இந்தச் செய்தி சற்று நேரத்தில் பெரிதும் உதவும். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘நீ’ என்பதற்குத் ‘தூ’ என்று சொல்லாமல் ‘வோஸ்’ என்பார்கள். அதன் வினையும் ‘தொமாஸ்’ என்று இறுதியில் அழுத்தம் பெறும். அங்கிருந்து வந்த நண்பர் அப்படிப் பேசினால் அது பிழையன்று, அந்நாட்டு வழக்கு.

‘நான்’ என்று சொல்லாமலே ‘வருகிறேன்’ என்று நாம் சொல்வதைப்போல, அவர்களும் ‘யோ’ என்ற சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆங்கிலப் பழக்கத்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைச் சேர்ப்பவர்களின் பேச்சு, ‘நான் வருகிறேன், நான் சாப்பிடுகிறேன், நான் போகிறேன்’ என்று வலியுறுத்திக்கொண்டே இருப்பதுபோல் ஒலிக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே அச்சொல்லை விட்டுப் பழகுங்கள். ‘ஸூபொ அல் த்ரேன் என் தோ பாயோ’ என்றால் ‘தோ பாயோவில் ரயில் ஏறுகிறேன்’ என்று முழுப்பொருள் கிடைத்துவிடுகிறது.

வீட்டில் ஒரு பயிற்சி

வடிவங்களை மேலிருந்து கீழாக ஒப்பிப்பது முதல் இரண்டு நாள்களுக்குப் பயன்படும். அதன்பின் அது தடையாகவே மாறும். ‘அவர்கள்’ வடிவம் தேவைப்படும்போது ‘நான்’ வடிவத்திலிருந்து தொடங்கி ஐந்தாம் படிவரை எண்ணிப் போவதற்குள் உரையாடல் கடந்துவிடும். வரிசையைக் குலைத்துப் பழகுவதே தேவை. ஒரு பகடைக் காயை எடுத்து, ஒன்று விழுந்தால் நான், இரண்டு விழுந்தால் நீ, மூன்று அவர், நான்கு நாம், ஐந்து அவர்கள், ஆறு உஸ்தேத் என்று வைத்துக்கொண்டு உருட்டினால், தனியாக இருக்கும்போதும் பயிற்சி நடக்கும்.

இதைவிடச் சிறந்த பயிற்சி, வீட்டில் தமிழ் பேசும் பெரியவர் ஒருவரோடு செய்வது. அவருக்கு ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாணவர் அன்றைய வினைச்சொல்லின் வடிவங்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். இரவு உணவு முடிந்த பிறகு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, ஒரு பாட்டியும் பேத்தியும் செய்யும் பயிற்சி இப்படித்தான் இருக்கும். பாட்டி, ‘நாங்க சாப்பிடுறோம்’ என்கிறார். பேத்தி, ‘கொமேமொஸ்’ என்கிறாள். ‘அவ சாப்பிடுறா’ என்றதும் ‘கோமெ’ என்ற விடை தயங்காமல் வருகிறது. அடுத்து, ‘நீங்க சாப்பிடுறீங்க’ என்கிறார் பாட்டி. இங்கே பேத்தி நின்று, ‘ஒருத்தரா பாட்டி, பல பேரா?’ என்று கேட்டாக வேண்டும். ‘ஒருத்தர்தான்மா, உங்க டீச்சர்’ என்றால் விடை ‘கோமெ’. ‘எல்லாரும்தான்’ என்றால் விடை ‘கோமென்’. தமிழின் ‘நீங்கள்’ ஒருவரையும் பலரையும் ஒன்றாகக் காட்டுவதையும், ஸ்பானிஷ் அவர்களைப் பிரித்துக் காட்டுவதையும் எந்த விளக்கப் பக்கமும் இவ்வளவு தெளிவாகப் பதிய வைக்காது. பேச்சுத் தமிழின் விகுதிகளும் ஸ்பானிஷின் விகுதிகளும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று பொருந்துவதால்தான் இந்தப் பயிற்சி இயல்கிறது. இதையே ஆங்கிலத்தில் செய்ய முயன்றால், கேள்வி கேட்பவர் ஒவ்வொரு முறையும் ஆளின் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கும், வினைச்சொல்லோ ஏறக்குறைய அசையாமல் நிற்கும்.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு வாரத்துக்கு இந்த மூன்று மாதிரிச் சொற்களை மட்டும் பழகிவிட்டு, பிறகு ‘அப்லார்’ என்ற பேசுதலையும் ‘மிரார்’ என்ற பார்த்தலையும் ‘விவீர்’ என்ற வாழ்தலையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘வீவொ என் ஸிங்கப்பூர்’ என்றால் சிங்கப்பூரில் வசிக்கிறேன்.

தமிழ் கைவிடும் இடங்கள்

தமிழ் எல்லா இடத்திலும் ஆளைக் காட்டுவதில்லை. ‘சாப்பிடவில்லை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சாப்பிடவில்லை, நீ சாப்பிடவில்லை, அவர்கள் சாப்பிடவில்லை என்று எல்லாருக்கும் ஒரே வடிவம். ஸ்பானிஷில் எதிர்மறைக்கு வினைச்சொல்லின் முன்னால் ‘நொ’ என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். ஆனால் விகுதி அப்படியே நிற்கும். ‘நொ கோமொ’ என்றால் நான் சாப்பிடுவதில்லை, ‘நொ கோமென்’ என்றால் அவர்கள் சாப்பிடுவதில்லை. நேர்மறை வாக்கியங்களில் விகுதியைச் சரியாகச் சொல்லும் தமிழ் மாணவர்கூட எதிர்மறையில் தடுமாற இதுவே காரணமாகிறது. ஆகவே பகடைப் பயிற்சியை ‘நொ’ சேர்த்தும் ஒருமுறை செய்ய வேண்டும்.

‘வேண்டும்’, ‘முடியும்’ ஆகியவையும் இப்படியே. ‘எனக்கு வேண்டும்’, ‘என்னால் முடியும்’ என்று தமிழ் ஆளை வினைக்கு வெளியே வைத்துவிடுகிறது. ஸ்பானிஷ் அவரை வினைக்குள் கொண்டுவருகிறது. ‘புவேதொ கொமேர்’ என்றால் என்னால் சாப்பிட முடியும்; ‘கியேரொ கொமேர்’ என்றால் எனக்குச் சாப்பிட வேண்டும். நான்காம் வேற்றுமை உருபைத் தேடாமல் ‘நான்’ விகுதியை இட்டால் போதும். பசியும் அப்படித்தான்: ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை அவர்கள் ‘தேங்கொ ஆம்ப்ரெ’, அதாவது பசியை நான் வைத்திருக்கிறேன் என்ற அமைப்பில் சொல்வார்கள்.

இதற்கு நேர்மாறாக, ‘பிடிக்கும்’ என்பதில் தமிழும் ஸ்பானிஷும் கைகோத்து நடக்கின்றன. ‘மெ கூஸ்த எல் கஃபே’ என்ற வாக்கியத்தில் ‘மெ’ என்பது ‘எனக்கு’. பிடிக்கும் பொருளான காப்பியே எழுவாய். ஆங்கிலவழி மாணவர்களுக்கு இது பெரிய புதிர். ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்று பிறந்தது முதல் சொல்லி வரும் நமக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. பிடிக்கும் பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ‘மெ கூஸ்தன் லொஸ் மாங்கொஸ்’ என்றால் எனக்கு மாம்பழங்கள் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ‘தினமும் காலையில் கோப்பிக்கடையில் காப்பி குடிப்பேன்’ என்று வழக்கமான செயலைத் தமிழில் எதிர்கால வடிவத்தால் சொல்கிறோம். அதை அப்படியே ஸ்பானிஷ் எதிர்காலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. வழக்கமான செயலுக்கு அங்கே நிகழ்காலமே வரும்: ‘தோமொ கஃபே’.

இரண்டு ‘இரு’

ஸ்பானிஷில் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்று ‘இரு’ என்ற பொருளில் இரண்டு வினைச்சொற்கள் உள்ளன. இரண்டுமே ஒழுங்கு மீறியவை. இரண்டும் இல்லாமல் ஒரு நாள்கூடப் பேச முடியாது. முதலாவதன் வடிவங்கள் ஸோய், ஏரெஸ், எஸ், ஸோமொஸ், ஸோன். இரண்டாவதன் வடிவங்கள் எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமொஸ், எஸ்தான். எதை எப்போது பயன்படுத்துவது என்பதற்கு, நிலையானதற்கு முதலாவது, தற்காலிகமானதற்கு இரண்டாவது என்ற விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த விதியை நம்பாதீர்கள். சிங்கப்பூர் ஆசியாவில் இருப்பது எவ்வளவு நிலையானது! ஆயினும் ஸ்பானிஷில் ‘ஸிங்கப்பூர் எஸ்தா என் ஆஸிய’ என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ் இதைவிட நல்ல வழியைக் காட்டுகிறது. ‘நான் ஆசிரியை’, ‘அவர் என் அண்ணன்’ என்று வினைச்சொல்லே இல்லாமல் தமிழில் முடியும் வாக்கியங்களுக்கு ‘ஸேர்’ வரும்: ‘ஸோய் ப்ரொஃபெஸோர’ என்றால் நான் ஆசிரியை. தமிழில் வினை இல்லையே என்று ஸ்பானிஷிலும் விட்டுவிட முடியாது. அங்கே அது கட்டாயம். ஓர் ஆளோ பொருளோ ஓரிடத்தில் ‘இருக்கிறது’ என்று சொல்லும் வாக்கியங்களுக்கு ‘எஸ்தார்’ வரும்: ‘எஸ்தோய் என் காஸ’ என்றால் வீட்டில் இருக்கிறேன்.

தன்மையைச் சொல்லும் இடத்தில்தான் கவனம் தேவை. ‘அவள் உயரமாக இருக்கிறாள்’, ‘அவள் களைப்பாக இருக்கிறாள்’ என்று தமிழ் இரண்டையும் ஒரே அச்சில் வார்க்கிறது. ஸ்பானிஷ் முதலாவதற்கு ‘எஸ் ஆல்த’ என்றும் இரண்டாவதற்கு ‘எஸ்தா கன்ஸாத’ என்றும் பிரிக்கிறது. இங்கே ஒரு சோதனை உதவும். ‘அவள் உயரமானவள்’ என்று மாற்றிச் சொல்ல முடிகிறது, பொருளும் கெடுவதில்லை. ‘அவள் களைப்பானவள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆனவள்’, ‘ஆனவன்’ என்று மாற்ற முடிந்தால் ‘ஸேர்’, முடியாவிட்டால் ‘எஸ்தார்’. விதிவிலக்குகள் உண்டு என்றாலும், தொடக்கநிலையில் சந்திக்கும் பெரும்பாலான வாக்கியங்களை இந்தச் சோதனை சரியாகப் பிரித்துவிடும்.

ஒழுங்கு மீறும் சொற்கள்

அதிகம் புழங்கும் சொற்களே அதிகம் ஒழுங்கு மீறுகின்றன. ஆனால் அந்த மீறலிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘கெரேர்’ என்ற விரும்புதலைப் பாருங்கள்: கியேரொ, கியேரெஸ், கியேரெ, கெரேமொஸ், கியேரென். ‘பொதேர்’ என்ற இயலுதல்: புவேதொ, புவேதெஸ், புவேதெ, பொதேமொஸ், புவேதென். ‘பெதீர்’, அதாவது ஒன்றைக் கேட்டு வாங்குதல், உணவங்காடி நிலையத்தில் உணவு கேட்பதற்கும் இதுவே: பீதொ, பீதெஸ், பீதெ, பெதீமொஸ், பீதென். மூன்றிலும் ‘நாம்’ வடிவம் மட்டும் மாறாமல் நிற்கிறது. காரணத்தை முன்பே பார்த்துவிட்டோம்: அந்த ஒரு வடிவத்தில்தான் அழுத்தம் பகுதியின்மேல் விழுவதில்லை. அழுத்தம் விழும்போது பகுதியின் உயிரொலி விரிகிறது அல்லது மாறுகிறது. அழுத்தம் நகர்ந்துவிட்டால் பழைய உயிர் திரும்பிவிடுகிறது. இந்தக் கட்டுரையின் எழுத்துமுறையில் சொன்னால், பகுதியில் நெடில் வரும் இடத்தில் மாற்றம் உண்டு, குறில் வரும் இடத்தில் இல்லை. இந்த ஒரு காரணத்தை உணர்ந்துவிட்டால், பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

வேறு சில சொற்கள் ‘நான்’ வடிவத்தில் மட்டும் ஒரு ககரத்தை ஏற்கின்றன. ‘தெனேர்’ என்ற வைத்திருத்தல் ‘தேங்கொ’ ஆகிறது. ‘பொனேர்’ என்ற வைத்தல் ‘போங்கொ’ ஆகிறது. ‘ஸலீர்’ என்ற வெளியே செல்லுதல் ‘ஸால்கொ’ ஆகிறது. இவற்றில் ‘தெனேர்’ இரண்டு வகை மீறலையும் ஒருங்கே கொண்டது: தேங்கொ, தியேனெஸ், தியேனெ, தெனேமொஸ், தியேனென். அதனோடு ‘கெ’ என்ற சொல்லைச் சேர்த்தால் கடமையைச் சொல்லலாம்: ‘தேங்கொ கெ கொமேர்’ என்றால் நான் சாப்பிட்டாக வேண்டும்.

‘ஈர்’ என்ற செல்லுதல் முற்றிலும் தனி வழியில் போகிறது: வோய், வாஸ், வா, வாமொஸ், வான். இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் இதைக் கொண்டு எதிர்காலத்தையே பேசிவிடலாம். ‘வோய் அ கொமேர்’ என்றால் ‘சாப்பிடப் போகிறேன்’. ‘வாமொஸ் அ ஸுபீர்’ என்றால் ‘ஏறப் போகிறோம்’. தமிழிலும் ‘போ’ என்ற வினையே இந்த வேலையைச் செய்வதால், அமைப்பு அப்படியே பொருந்துகிறது. தனி எதிர்கால விகுதிகளைப் பல மாதங்களுக்குத் தள்ளிவைத்தாலும் அன்றாடப் பேச்சில் குறை தெரியாது.

இறந்தகாலத்துக்கு எப்போது செல்வது

செர்வான்டெஸ் நிறுவனத்தின் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் சான்றிதழ்த் தேர்வில் முதல் நிலையான ஏ1, பெரும்பாலும் நிகழ்கால வடிவங்களைக் கொண்டே கையாளக்கூடியது. இறந்தகாலங்கள் ஏ2 நிலையில்தான் முழுமையாக வருகின்றன. ஆகவே அவசரம் வேண்டாம். பகடை உருட்டியதும் நிகழ்கால வடிவம் யோசிக்காமல் வாயில் வந்தால், அப்போது இறந்தகாலத்தைத் தொடலாம்.

எளிய இறந்தகாலம் இப்படி அமைகிறது: தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாரொன். இரண்டாம் குடும்பத்தில்: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமியேரொன், மூன்றாம் குடும்பமும் இதே விகுதிகளை ஏற்கும். ‘தொமாமொஸ்’ நிகழ்காலத்திலும் இதே வடிவம்தான்; எந்தக் காலம் என்பதை ‘நேற்று’ போன்ற சொல் காட்டிக்கொடுக்கும். ஆனால் இரண்டாம் குடும்பத்தில் ‘கொமேமொஸ்’, ‘கொமீமொஸ்’ என்று இரண்டும் வேறாகிவிடுகின்றன. ‘தூவெ’ (தெனேர்), ‘எஸ்தூவெ’ (எஸ்தார்) போன்ற ஒழுங்கு மீறிய சில ‘நான்’ வடிவங்களில் அழுத்தம் மீண்டும் பகுதிக்கே திரும்பும் என்பதையும் காதால் கேட்டுப் பழக வேண்டும்.

இதற்கு இணையாக மற்றோர் இறந்தகாலமும் உண்டு. ‘குடித்தேன்’ என்று முடிந்துபோன ஒரு செயலைச் சொல்லும்போது ‘தொமே’; ‘குடித்துக்கொண்டிருந்தேன்’ அல்லது ‘அந்நாளில் குடித்துவந்தேன்’ என்று தொடர்ச்சியையும் வழக்கத்தையும் சொல்லும்போது ‘தொமாப’. தமிழில் வெறும் ‘குடித்தேன்’ என்பதையே இரண்டு பொருளிலும் சில நேரம் சொல்லிவிடுவோம் என்பதால், மொழிபெயர்க்கும் முன் ‘குடித்துவந்தேன்’ என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் இரண்டாவது வடிவம். இந்தக் காலத்தில் ஒழுங்கு மீறும் வினைச்சொற்கள் ‘ஸேர்’, ‘ஈர்’, காணுதலைக் குறிக்கும் ‘வேர்’ என்ற மூன்றே. எனவே வடிவங்களைக் கற்பது எளிது, தேர்ந்தெடுப்பதுதான் பழக வேண்டியது.

எந்த வடிவத்திலும் ஐயம் எழுந்தால், 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிஷ் அரச மொழிக் கழகத்தின் இணைய அகராதியில் அந்த வினைச்சொல்லைத் தேடுங்கள். அதன் முழுத் திரிபு அட்டவணையும் கட்டணமின்றிக் கிடைக்கும். அட்டவணையில் தொடக்கநிலையில் தேவைப்படாத பல கட்டங்கள் இருக்கும். நிகழ்காலம், ‘வோய் அ’ அமைப்பு, இரண்டு இறந்தகாலங்கள் ஆகியவற்றை மட்டும் உங்கள் தாளில் எழுதிக்கொண்டு, ஐயத்தையும் விருப்பத்தையும் காட்டும் வடிவங்களை ஏ2 நிலை முடியும்வரை திறக்காமல் வைத்திருக்கலாம்.